எதிர்த்தரப்பு இல்லாத வழக்கு

சடகோபன் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய ஆசிரியை ரூபவதிக்கு நாற்பது.

ஈரோட்டில் ஜவுளிக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில், முதல் மாடியில் இருந்தது ரூபவதியின் மனநல ஆலோசனை மையம். கீழே துணிக் கிடங்கு. படியேறும்போதே புதுத் துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறும். மேலே இரண்டு அறைகள், சின்னக் கூடம். அவ்வளவுதான். ஆனால் கரூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள்.

சடகோபன் அரசு வக்கீலாக இருந்தவர். குறுக்கு விசாரணையில் அவரை வெல்ல அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்பார்கள். ஓய்வு பெற்றதும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் உளவியல் படித்தார். பிறகு சென்னைக்குப் போய் ஒரு சிகிச்சை முறையில் தனியாகப் பயிற்சி எடுத்தார். மனிதனைத் துன்புறுத்துவது அவன் நம்பும் எண்ணம். அந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று கேட்டுக்கொண்டே போனால் பொய்யான எண்ணம் தானாக விழுந்துவிடும். அந்த முறை அவருக்கு அளவெடுத்துத் தைத்த கோட்டு மாதிரி பொருந்தியது.

இனி ஒருவரின் கண்காணிப்பில் கொஞ்ச காலம் வேலை செய்யவேண்டும். விசாரித்தபோது எல்லோரும் ரூபவதியின் பெயரையே சொன்னார்கள். தன் மகள் வயதில் ஒருவரிடம் கற்றுக்கொள்வதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

முதல் சில வாரங்கள், வந்தவர்களின் சம்மதத்தோடு ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்.

ஒரு கல்லூரி மாணவியிடம், தேர்வு அறைக்குள் நுழையும்போது மனதில் என்ன ஓடுகிறது என்று கவனித்து வரச் சொன்னார் ரூபவதி. சடகோபனுக்குத் திருப்தியாக இருந்தது. இது அவர் படித்தது. அடுத்து வந்த மளிகைக் கடைக்காரரிடம் ரூபவதி எதுவுமே சொல்லவில்லை. அவர் பேசி முடித்து, முகத்தைத் துடைத்து, "வரேனுங்க" என்று எழுந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியோடு சண்டை என்று வந்த ஒருவரிடம், அடுத்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். நாய்க்குப் பயந்த ஒரு பெண்ணோடு தெருவில் இறங்கி, நாய் படுத்திருக்கும் முனைவரை நடந்தார்.

ஒரு நாள் மதியம் சடகோபன் கேட்டுவிட்டார்.

"நீங்க எந்த முறையைச் சேர்ந்தவங்க மேடம்?"

"ஏன் சார்?"

"ஒருத்தர்கிட்ட எண்ணத்தைப் பாக்கறீங்க. ஒருத்தர்கிட்ட அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்றீங்க. இன்னொருத்தரோட தெருவுல நடக்கறீங்க. ஒரே கேஸை மூணு சட்டத்துல நடத்த முடியாது."

"கேஸ் ஒண்ணா இருந்தா முடியாதுதான்."

"கேஸ் எத்தனை இருந்தாலும் ஆதாரச் சட்டம் ஒண்ணுதானே?"

ரூபவதி சிரித்தார். மறுநாள் ஒருவர் வருகிறார், அவரைச் சடகோபனே பார்க்கலாம் என்றார்.

"எந்த முறையில பாக்கறது?"

"உங்க முறையிலயே பாருங்க. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சது அதுதானே."

வந்தவர் பெயர் குணசீலன். ரயில் ஓட்டுநர். ரயில்வேயில் லோகோ பைலட் என்பார்கள். நடு வயது, வாரிய தலை, பொத்தான் எல்லாம் போட்ட சட்டை. கூட அவர் மனைவி தெய்வானை வந்திருந்தார். பேசியது முழுவதும் தெய்வானைதான்.

மழைக்காலத்தில் ஒரு விடிகாலை. குணசீலன் ஓட்டிவந்த விரைவு வண்டியின் முன்னால், ஆளில்லாத ஓர் இடத்தில், ஒரு பெண் தண்டவாளத்தில் ஏறி நின்றாள். குணசீலன் ஹாரன் அடித்தார். அவசர பிரேக்கைப் போட்டார். வண்டி நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. விதிப்படி செய்யவேண்டியதை எல்லாம் செய்துவிட்டு, அடுத்த ஸ்டேஷன்வரை வண்டியை ஓட்டிப் போய் ஒப்படைத்தார். அதன் பிறகும் பல நாள் வேலைக்குப் போனார். சாப்பிட்டார், சிரித்தார், மகளின் பள்ளி விழாவுக்குப் போனார்.

பிறகு ஒரு நாள் ஒரு ஸ்டேஷனில் பச்சை சிக்னல் விழுந்தது. அவர் கை நகரவில்லை. உதவியாளர் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வாக்கி டாக்கியில் தகவல் சொன்னார். அன்றிலிருந்து மருத்துவ விடுப்பு. தூக்கம் இல்லை. ரயில் ஊதும் சத்தம் கேட்டால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். மருத்துவக் குழு கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் அவர் இனி வண்டி ஓட்ட முடியாது.

"இதைவிட ஒண்ணு இருக்குதுங்க" என்றார் தெய்வானை. போன வாரம் கடைக்குப் போவதாகச் சொல்லிப் போனவர், லெவல் கிராசிங் பக்கத்தில் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாராம். தெய்வானைதான் கையைப் பிடித்து இழுத்துவந்திருக்கிறார்.

ரூபவதி குணசீலன் பக்கம் திரும்பினார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"சாகணும்னு தோணுதுங்களா?"

குணசீலன் முதன்முறையாக நிமிர்ந்தார். அப்படி யாரும் அவரை நேரடியாகக் கேட்டதில்லை.

"இல்லீங்க. ஆனா அங்க போய் நிக்கோணும்னு தோணுது. ஏன்னு தெரியலீங்க."

அப்படித் தோன்றும்போது யாரைக் கூப்பிடுவது, வீட்டில் யார் உடன் இருப்பது என்று எல்லோருமாகப் பேசி முடிவு செய்தார்கள். தூக்கத்துக்கு மாத்திரை தர ஒரு மனநல மருத்துவரிடம் அன்றைக்கே அனுப்பினார் ரூபவதி. அதற்குப் பிறகுதான் குணசீலனைச் சடகோபனிடம் விட்டார்.

சடகோபன் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தார். அந்த மரணத்துக்குக் காரணம் தான்தான் என்று குணசீலன் நம்புகிறார். அதுதான் அவரை வதைக்கிறது. இது சடகோபனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த நம்பிக்கையை ஒவ்வோர் இழையாகப் பிரித்தார். வண்டி என்ன வேகத்தில் வந்தது, நிற்க எவ்வளவு தூரம் வேண்டும், அவள் ஏறியபோது எவ்வளவு தூரம் இருந்தது, ஹாரன் எப்போது அடித்தீர்கள், பிரேக் எப்போது. குணசீலன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலும் அவருக்குச் சாதகமாகவே இருந்தது.

"அப்ப இது உங்க தப்பா?"

"இல்லீங்க சார்."

"வேற ஒரு டிரைவர் இருந்திருந்தா?"

"அவராலயும் முடிஞ்சிருக்காதுங்க."

"அப்ப?"

"நீங்க சொல்றது சரிங்க சார்."

ஒவ்வொரு சந்திப்பிலும் குணசீலன் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு சந்திப்புக்கும் கொஞ்சம் இன்னும் மெலிந்து வந்தார். பிறகு வரவில்லை.

தெய்வானை போனில் பேசினார். சார் மேல் குறை இல்லை, சார் நன்றாகப் பேசுகிறார் என்றார். ஆனால் இவர் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொள்கிறார். இனி வரவில்லை என்கிறார்.

போனை வைத்ததும் சடகோபன் ரூபவதியின் அறைக்குப் போனார்.

"என் வாதத்துல எங்க பிழைன்னு சொல்லுங்க மேடம்."

"வாதத்துல பிழை இல்லை."

"அவரை நான் விடுதலை பண்ணியாச்சு. ஆனா அவர் கூண்டை விட்டு இறங்க மாட்டேங்கறார்."

"யாருக்காக வாதாடினீங்க?"

"அவருக்காகத்தான்."

"எதிர்த்தரப்பு யாரு?"

சடகோபன் யோசித்தார். நீதிமன்றத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் யோசிப்பதில்லை.

"அவரேதான்" என்றார் கடைசியில்.

"அப்ப நீங்க ஜெயிச்சப்பல்லாம் தோத்தது யாரு சார்?"



ரூபவதி தெய்வானையிடம் பேசி, இன்னும் ஒரு முறை மட்டும் வரச் சொன்னார். தானும் உடன் இருப்பதாகச் சொன்னார்.

அந்தச் சந்திப்பில் குணசீலன் உட்கார்ந்ததும், சார் மேல் கோபமெல்லாம் இல்லை என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார். ரூபவதி தலையசைத்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை. கீழே கிடங்கில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. சடகோபனுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. ஏதாவது கேட்க வாய் துடித்தது. ரூபவதி அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

வெகுநேரம் கழித்துக் குணசீலன் தன் கையைப் பார்த்தபடி பேசினார்.

"மழை தூறிட்டு இருந்துச்சுங்க."

"ம்."

"அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. பாத்துட்டு, சேலைத் தலைப்பை எடுத்து முக்காடு போட்டுக்கிச்சுங்க. மழைக்கு."

அவர் தன் தலைமேல் கையை வைத்து அது எப்படி என்று காட்டினார். காட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது.

"சாகப் போறவங்க எதுக்குங்க நனையாம இருக்கோணும்?"

அதற்குப் பிறகு அவர் அழுதார். தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை மாதத்தில் இதைக் குணசீலன் ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெண் யார், எந்த ஊர், பிள்ளைகள் உண்டா, அவளைத் தேடி யாராவது வந்தார்களா, எதுவுமே அவருக்குத் தெரியாது. ஸ்டேஷனில் கேட்டதற்கு, அதெல்லாம் உங்களுக்கு எதற்கு, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார்களாம். அவள் நின்ற மாதிரி ஓர் இடத்தில் தானும் நின்று பார்த்தால் அவள் என்ன நினைத்தாள் என்று தெரியுமோ என்றுதான் லெவல் கிராசிங்குக்குப் போயிருக்கிறார்.

சடகோபன் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, நீங்கதான் காரணம்னு உங்களுக்குத் தோணலையா?"

குணசீலன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சங்கடத்தோடு அவரைப் பார்த்தார்.

"மொதல்ல தோணலீங்க சார். நீங்க இல்லை இல்லைன்னு அத்தனை தடவை சொன்னீங்களா, அப்ப இருக்குமோன்னு தோண ஆரம்பிச்சுதுங்க."

அவர்கள் போன பிறகும் சடகோபன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. யாருமே சாட்டாத குற்றத்துக்கு அவர் வாரக்கணக்கில் வாதாடியிருக்கிறார். அந்த வாதத்திலிருந்துதான் குற்றமே பிறந்திருக்கிறது.

"என் முறையே தப்பு மேடம். இனி அதைத் தொட மாட்டேன்."

"முறையைக் குத்தம் சொல்லாதீங்க சார். அது தன் பக்கம் பேச இங்க இல்லை."

சடகோபன் சோர்ந்து உட்காரும் மனிதர் அல்ல. அன்று மாலையே ரூபவதியின் அலமாரியிலிருந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார். குழந்தைப் பருவத்தை ஆராய்கிறவர்கள், உடலைக் கவனிக்கிறவர்கள், நடத்தையைப் பழக்குகிறவர்கள், குடும்பத்தைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள், கதை சொல்லச் சொல்கிறவர்கள், ஒவ்வொருவரையும் வாசித்தார். ஒவ்வொருவர் சொல்வதும் சரியாகப் பட்டது. எதிர்க்கட்சி வக்கீல்கள் எல்லோரும் ஒரே நாளில் நண்பர்களாகிவிட்டது போல இருந்தது.

அடுத்த சந்திப்பில் குணசீலனை முதலில் மூச்சுப் பயிற்சி செய்யவைத்தார். பிறகு அவர் அப்பாவைப் பற்றிக் கேட்டார். பிறகு ஒரு காலி நாற்காலியை எதிரே போட்டு, அதில் அந்தப் பெண் இருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னார். குணசீலன் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். உடனே சடகோபன் செல்போனில் ரயில் சத்தத்தை மெல்ல ஒலிக்கவிட்டார், பயத்தைப் பழக்குவதற்காக. குணசீலனுக்கு வியர்த்தது. அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு மறுபடி மூச்சுக்கு வந்தார்.

வெளியே வரும்போது குணசீலன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு நெறைய ஆயிப்போச்சுங்க" என்று ரூபவதியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ரூபவதி உள்ளே வந்தார். காலி நாற்காலி அப்படியே கிடந்தது. அதில் உட்கார்ந்தார்.

"இது எதுக்கு சார் இங்க?"

"ஒரு முறை மேடம். விட்டுப்போனவங்களோட பேசவைக்கறது."

"ஏன் போட்டீங்க?"

"துக்கத்துக்கு நல்லாப் பலன் குடுக்கும்னு..."

"துக்கத்துக்கு. சரி. ரயில் சத்தம்?"

"பயத்துக்கு."

"அப்பா?"

"பொதுவா இந்த மாதிரி அதிர்ச்சியில, சின்ன வயசுல..." சடகோபன் நிறுத்தினார்.

"இங்க துக்கம் வந்துச்சு, பயம் வந்துச்சு, சின்ன வயசு வந்துச்சு. குணசீலன் வந்தாரா?"

சடகோபனுக்கு முகம் சிவந்தது. இத்தனை வயதில், இத்தனை வெற்றிகளுக்குப் பிறகு இப்படித் தானே குறுக்கு விசாரணைக்கு ஆளாவது அவருக்குப் புதிது. ஆனால் அவர் நேர்மையானவர்.

"நீங்க மட்டும் எல்லா முறையும் பயன்படுத்தறீங்களே" என்றார். "நான் செஞ்சா மட்டும் எப்படித் தப்பாகுது?"

"நாளைல இருந்து எதை வேணும்னாலும் செய்யுங்க. நான் தடுக்க மாட்டேன். செய்யறதுக்கு முன்னாடி அந்த மனுஷரைப் பத்தி ஒரு வாக்கியம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. அது அவருக்கு மட்டும் பொருந்தணும். வேற எந்த ரயில் டிரைவருக்கும் பொருந்தக்கூடாது."

சடகோபன் முயன்றார். அவருக்கு வந்ததெல்லாம் புத்தகத்தின் வாக்கியங்கள். அதிர்ச்சிக்கு ஆளானவர். தூக்கம் இழந்தவர். ரூபவதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அடுத்த சந்திப்பில் சடகோபன் எந்த முறையையும் எடுத்துப் போகவில்லை. வெறுங்கையோடு உட்கார்ந்தார். போன தடவை அவசரப்பட்டுவிட்டேன் என்று குணசீலனிடம் சொன்னார். குணசீலன் அதற்குச் சிரித்தார். அவர் சிரித்துச் சடகோபன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறகு குணசீலன் பேசினார். தன் அம்மா இறந்தபோது பந்தல் போட்டு, ஊர் முழுக்க வந்து, எல்லாரும் சேர்ந்து அழுததைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்காக அழத் தனக்கு என்ன உறவு இருக்கிறது என்று கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி தெரியவில்லை. சடகோபனும் சொல்லவில்லை. அந்த மௌனம் இப்போது அவருக்குக் கனக்கவில்லை.

குணசீலன் போனதும் சடகோபன் ரூபவதியின் கதவைத் தட்டினார்.

"யாருன்னு தெரியாத ஒரு பொண்ணோட சாவு இவர் வீட்டுல நடந்துடுச்சு. அழறதுக்கு இவர்கிட்ட உறவு இல்லை."

ரூபவதி பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"அவரையே கேக்கப்போறேன்."

கேட்டார். அந்தப் பெண்ணுக்காக ஏதாவது செய்யலாம் என்றால் என்ன செய்ய விரும்புவீர்கள் என்று கேட்டார். குணசீலன் தயங்கித் தயங்கி, பவானி கூடுதுறைக்குப் போய்த் திதி கொடுக்கவேண்டும் என்றார். ஆனால் பெயர் தெரியாது, குலம் தெரியாது, எப்படிக் கொடுப்பது?

போய்ப் பார்க்கலாமே என்றார் சடகோபன்.

அங்கே நடந்ததைத் தெய்வானை பிறகு வந்து சொன்னார். ஆற்றங்கரையில் ஐயர், இறந்தவர் பெயர் என்ன, உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கிறார். குணசீலன் திகைத்து நின்றுவிட்டார். தெய்வானைதான் முன்னால் வந்து, "எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்லுங்க சாமி" என்றாராம். ஐயர் வேறு எதுவும் கேட்கவில்லை. எள்ளும் நீரும் இறைத்து முடித்து, மூன்று தரம் முங்கி எழுந்து, ஈரத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்த குணசீலன் அங்கேயே தூங்கிவிட்டார். வெயில் ஏறும்வரை அவரை எழுப்ப மனமில்லாமல் தெய்வானை குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். லெவல் கிராசிங் பக்கம் போக அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் ரயில் ஊதினால் இன்னும் உட்கார்ந்துவிட்டார். கை இன்னும் விறைத்தது. இன்னொரு தடவை ஆற்றுக்குப் போய்வரட்டுமா என்று குணசீலன் கேட்டார். சடகோபனுக்கும் அப்படித்தான் முதலில் தோன்றியது. பலித்த மருந்தை இன்னொரு வேளை கொடுக்க யாருக்குத்தான் தோன்றாது?

அவர் ரூபவதியிடம் போகவில்லை. தானே உட்கார்ந்து யோசித்தார். பிறகு குணசீலனிடம் சொன்னார்.

"உங்க மனசு அழுதுடுச்சு. உங்க கைக்கு அது இன்னும் தெரியாது. கைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பழக்கித்தான் புரியவைக்கணும்."

இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். முதலில் வெளியே ஆட்டோ நிறுத்தத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு நடைமேடையின் கோடி பெஞ்சு. வண்டி வரும்போது குணசீலன் சடகோபனின் முழங்கையை இறுகப் பிடித்தார். வலித்தது. சடகோபன் வாயைத் திறக்கவில்லை. பிடி தளரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். நாளடைவில் குணசீலன் பெஞ்சிலிருந்து எழுந்து நடைமேடை நடுவுக்கு வந்தார். அவருடைய மேலதிகாரியான லோகோ இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும், ஷெட்டில் நிற்கும் எஞ்சினில் ஏறி உட்கார அனுமதி வாங்கிக் கொடுத்தார். நின்ற எஞ்சினில் உட்கார்ந்து குணசீலனே ஹாரனை அடித்தார். முதல் தரம் உடம்பு நடுங்கியது. திரும்பத் திரும்ப அடித்தார். ஷெட்டில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம்.

ஓடும் வண்டியில், இன்னொரு ஓட்டுநருக்குப் பின்னால் நின்று போவதுதான் அடுத்த படி. அதற்கு முந்தைய நாள் குணசீலன் வந்து, முடியாது என்றார்.

"ஒவ்வொரு வளைவுலயும் யாரோ நிப்பாங்கன்னு தோணுதுங்க சார். போனா கண்டிப்பா ஒருத்தர் வருவாங்க."

சடகோபன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் குரல் அவருக்குத் தெரியும். இது துக்கம் அல்ல. கையின் பயமும் அல்ல. இது ஒரு எண்ணம். நேருக்கு நேர் நின்று, ஆதாரம் இல்லாமல் சாட்சி சொல்லும் எண்ணம்.

"எத்தனை வருஷமா ஓட்டறீங்க?"

குணசீலன் சொன்னார்.

"வாரத்துக்கு எத்தனை ஓட்டம்? ஒரு ஓட்டத்துல எத்தனை வளைவு?"

குணசீலன் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். சடகோபன் அவசரப்படுத்தவில்லை. தான் முடிவு சொல்லவும் இல்லை. எண்ணிக்கொண்டே போன குணசீலன் பாதியில் நிறுத்தினார்.

"அந்த ஒரு நாளைத் தவிர, அத்தனை வளைவுலயும் ஆடுதான் சார் நின்னுருக்குது" என்றார்.

மறுநாள் வண்டியில் ஏறினார். பிறகு மருத்துவக் குழுவிடம், நடந்ததை மறைக்காமல் சொன்னார். தகுதி என்று எழுதினார்கள். முதலில் சரக்கு வண்டி கொடுத்தார்கள். தெய்வானை இனிப்போடு படியேறி வந்து, அவர் ஓட்டின வண்டி போத்தனூர் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். எப்போதாவது மழை தூறினால் வண்டியில் ஒரு நிமிடம் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறாராம். நினைத்துக்கொண்டே ஓட்டுகிறாராம்.

அந்த வாரம் சடகோபன் நடையே மாறியிருந்தது. கோவையில் ஆலோசகர்கள் கூடும் கருத்தரங்கு ஒன்று வந்தது. அதில் பேச ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தார். முதலில் கேட்பது, பிறகு சடங்கு, பிறகு படிப்படியான பழக்கம், கடைசியில் எண்ணத்தைச் சோதிப்பது. தனித்தனியாகக் கிடந்த முறைகளை ஒன்று சேர்த்து, எதற்குப் பின் எது என்று வரிசைப்படுத்தியிருந்தார். ஏன் இந்த வரிசை என்பதற்குப் பலமான வாதங்கள் இருந்தன.

ரூபவதி முழுவதையும் வாசித்தார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். அது மனதாரச் சொன்னதுதான்.

"இது இதுவரைக்கும் யாரும் வரிசைப்படுத்தாத முறை மேடம்" என்றார் சடகோபன். "நாலு பேர் எடுத்துப் பயன்படுத்தணும்னா ஒரு பேரு வேணும். என்ன பேரு வைக்கலாம்?"

"குணசீலன்னு வைங்க."

சடகோபன் சிரித்தார். ரூபவதி சிரிக்கவில்லை. கட்டுரையை மடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். கூடத்தில் யாரோ வந்து நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்ப அடுத்து வர்றவருக்கு?"

"அவரு பேரு."